கையில் இல்லாத இரண்டு பாக்கெட்

பிளசி பள்ளி விட்டு வந்தபோது அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். ரோசம்மா சும்மா உட்காருகிற ஆள் இல்லை.

கடத்தூரில், வீட்டிலேயே முளைகட்டிய ராகி மாவு செய்து, போன் வழியாக ஆன்லைனில் விற்கிறவர் அவர்.

"ரெண்டு பாக்கெட் ஆர்டர் வந்திருக்குது. நாளைக்கு நாலு மணிக்கு எடுத்துட்டுப் போக வண்டி வந்துரும். கையில ஒண்ணுகூட இல்ல."

பிளசி போனைப் பார்த்தாள். "மூணு இருக்குன்னு காட்டுதேம்மா?"

"அந்த மூணையும் பக்கத்து வீட்டு தேவிப்பிரியாவுக்குக் குடுத்துட்டேன். சும்மா குடுத்ததுதானே, வித்தது இல்லையேன்னு போன்ல குறைக்கல."

ராகியை ஊற வைத்து, முளைகட்டி, காய வைத்து அரைக்க நான்கு நாள் ஆகும்; இப்போது முளைகட்டியிருப்பது சனிக்கிழமைதான் மாவாகும்.

வந்த ஆர்டரை ரத்து செய்தால் அபராதம். இந்த மாதம் இரண்டு முறை கட்டியாகிவிட்டது. மூன்றாவது முறை என்றால் ஆன்லைன் நிறுவனத்தார் அம்மாவின் கடையையே முடக்கிவிடுவார்கள். கடை போனால் அம்மா மறுபடி திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. பிளசி மறுபடி விடுதிக்கு. போன வருஷம் விடுதியில் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும்.

"அக்காகிட்ட போய்க் கேக்கலாம்மா."

"புள்ளை பெத்தவளுக்குக் குடுத்ததைத் திரும்பக் கேக்கறதா? எனக்கு வாய் வராது."

பிளசிக்கும் கூச்சம்தான். ஆனாலும் போனாள்.

தேவிப்பிரியா கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிளசி தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அபராதத்தைச் சொன்னாள், விடுதியையும் சொன்னாள்.

"குடுத்ததைக் கேக்கறது தப்புதான்க்கா. சனிக்கிழமை புது மாவு வந்ததும் நானே கொண்டாந்து தரேன்."

"ஒண்ணத்தான் பிரிச்சிருக்கேன். மத்த ரெண்டும் அப்படியே இருக்குது, எடுத்துக்கம்மா," என்றாள் தேவிப்பிரியா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தினமும் கூழ் குடிச்சு எனக்கும் சலிச்சுப் போச்சு. உங்கம்மாகிட்ட சொல்லிராத."

மறுநாள் வண்டி வந்து இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போனது. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிளசி போனை எடுத்து, இருப்பைப் பூஜ்யமாக்கினாள். "சும்மா குடுத்தாலும் குறைக்கணும்மா. விலையிலயும் பத்து ரூபா ஏத்திடலாம்."

"ஏத்தினா யாரு வாங்குவா?"

"கொஞ்சம் பேர் வாங்கட்டும். எல்லாரையும் விடக் கம்மியா போட்டதாலதான் நம்மால அரைக்க முடியாத அளவுக்கு ஆர்டர் வருது. முடியலைன்னா அபராதம்."

அம்மா போனை வாங்கினார். பிறகு தானே விலையை மாற்றினார்.

"சனிக்கிழமை பன்னெண்டு பாக்கெட் ஆகும். பன்னெண்டுன்னு போடட்டுமா?" என்று பிளசி கேட்டாள்.

"பத்துன்னு போடு. ரெண்டு தேவிப்பிரியாவுக்கு."

அக்கா சொன்ன ரகசியம் பிளசியின் நாக்கு நுனி வரை வந்தது. அவள் விழுங்கிக்கொண்டாள். கடை தப்பிவிட்டது; திங்கட்கிழமை பள்ளி விட்டு வரும்போதும் அம்மா வீட்டில்தான் இருப்பார்.