இரண்டாவது திரை

ஒரு வேலையும் ஓடவில்லை. அப்புறம் ஏன் இந்த லேப்டாப் இப்படி மூச்சு வாங்குகிறது?

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். மெத்தை விளம்பரத்தின் கடைசித் துண்டையும் வெட்டி ஒட்டி மேலதிகாரிக்கு அனுப்பியாயிற்று. எடிட்டிங் மென்பொருளை மூடியும் ஆயிற்று. இந்நேரம் அது வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டும். ஆனால் உள்ளே விசிறி இரைந்துகொண்டே இருந்தது.

பழைய லேப்டாப். அதோடு இரண்டு பெரிய திரைகளை வேறு மாட்டி வைத்திருந்தாள். இந்தப் பாரத்தை அது தாங்குமா என்று அவளுக்கே சந்தேகம்தான். அதனால்தான் சூட்டைக் காட்டும் எண்ணைத் திரையின் மூலையில் எப்போதும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். எண்பதைத் தாண்டினால் திணறும். இப்போது எண்பத்தேழு.

"சனியனே, உனக்கு என்னதான் பிரச்சினை?"

காலையிலிருந்தே இதே கூத்து. எண் கடகடவென்று ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கும், பிறகு மறுபடி ஏறும். அடியில் புத்தகங்களை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். மேஜை விசிறியை நேராகத் திருப்பி வைத்தாள். ஜன்னலைத் திறந்து விட்டாள். எதற்கும் மசியவில்லை. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், அதற்கு அடியில், நடைக்கு அந்தப் பக்கத்து மூடிய கதவின் இடுக்கு வழியாக வந்த மருந்து வாசனையும் கலந்து நின்றன.

ஃபோன் அடித்தது. அண்ணன்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"இருக்காருண்ணா. இப்பதான் சாப்பிட்டுப் படுத்தாரு."

"நீ ஒருத்தி இருக்கிறதாலதான் நான் இங்க நிம்மதியா தூங்குறேன்."

ஃபோனை வைத்தபோது அவள் கன்னம் இரண்டும் எரிந்தன. அப்பாவின் மதியச் சாப்பாடு சமையலறையில் மூடி வைத்தபடியே ஆறிக் கிடந்தது. நர்ஸம்மாவுக்கு இன்று லீவு. இந்தக் காட்சி முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று தள்ளிப்போட்டே பொழுதைச் சாய்த்துவிட்டாள். காலையில் சாத்திய கதவை அதற்குப் பிறகு அவள் திறக்கவே இல்லை.

இப்போதாவது எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. முதலில் இந்தச் சூட்டுக்கு ஒரு வழி பண்ணிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். அந்தக் கதவைத் திறப்பதைத் தவிர எந்த வேலையும் அவளுக்குச் சுலபமாகத்தான் இருந்தது. அது அவளுக்கே தெரியும். சீ என்று இருந்தது.

எந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். உச்சியில், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, அப்பா அறையில் மாட்டியிருந்த கேமராவின் மென்பொருள்.

அடடா. காலையில் மூடினோமே என்று நினைத்தாள். மூடவில்லை. மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது அப்பா "அம்மாடி, அம்மாடி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே சொல் அது. யார் கத்துவது என்று மேலதிகாரி கேட்டார். "பக்கத்து வீட்டு டிவி சார்," என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பெற்ற அப்பாவை. பிறகு கேமராவின் சத்தத்தை நிறுத்தி, படம் ஓடிய இரண்டாவது திரையை அதன் பொத்தானை அழுத்தி அணைத்தாள். திரை இருண்டதே தவிர, லேப்டாப்புக்கு அது தெரியாதே. யாரும் பார்க்காத படத்தை அது நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. அறையில் எதுவும் அசையாவிட்டால் சும்மா கிடக்கும். அசைவு இருந்தால்தான் பதிவு செய்யும். அப்போதுதான் லேப்டாப்பில் சூடு ஏறும்.

அவள் பட்டியலுக்குக் கீழே, கேமராவின் உழைப்பைக் காட்டும் கோட்டைப் பார்த்தாள். காலையிலிருந்து மேடும் பள்ளமுமாக ஓடியிருந்தது. அவ்வளவும் அசைவு.

அப்பாவால் தலையையும் வலது கையையும் தவிர எதையும் அசைக்க முடியாது. அவற்றையும் கொஞ்சம்தான்.

எண்பத்தொன்பது.

இரண்டாவது திரையின் பொத்தானுக்குக் கை நீண்டது. பாதியில் நின்றது. பிறகு அழுத்தினாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றியிருந்தது. கட்டிலை ஒட்டிய நாற்காலியில் ஒருத்தி, கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி, அவருக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்தாள். கடைவாயில் வழிந்ததைத் தன் விரலாலேயே துடைத்தாள். அப்பா சிரித்தார். கோணிப்போன அந்த வாயால் சிரித்தார்.

நீல நைட்டி. பேனாவைச் செருகிப் போட்ட கொண்டை.

அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். பேனா இருந்தது.

முதலில் வந்தது பயமில்லை. வெட்கம். எவ்வளவு பொறுமையாக ஊட்டுகிறாள் என்று தோன்றியது. நம்மால் ஒரு நாளாவது இப்படி முடிந்ததா என்று தோன்றியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் எழுந்து ஓடினாள்.

நடை. இருட்டு. கதவு.

திறந்தாள்.

நாற்காலி காலி. அப்பா மட்டும் இருந்தார். படத்தில் பார்த்தபடியே தலை வாரி, சட்டை மாற்றி. அவருடைய வலது கை நாற்காலிப் பக்கம் நீண்டு எதையோ பிடித்திருந்தது. பிடிக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் மூடிக்கொள்ளவில்லை. இன்னொரு கை உள்ளே இருக்கிற அளவுக்கு விரிந்தே நின்றன.

"அப்பா."

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். கண்ணில் அடையாளம் தெரிந்த சாயல் ஏதும் வரவில்லை. மெல்ல மெல்ல அந்தப் பார்வை பயமாக மாறியது. முகத்தை மறுபடி நாற்காலி பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மாடி," என்றார். குளறவே இல்லை. "கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க பாரு."

"நான்தான்பா." உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

நாற்காலி மெத்தை, அழுந்தியிருந்த இடத்தில், மெதுவாக மேலெழும்பியது.

வெறுங்கால் சத்தம். வலது காலை லேசாக இழுத்து வைக்கிற நடை. அவளுடைய நடை.

அவள் பிடித்திருந்த கதவு நகர ஆரம்பித்தது. முரட்டுத்தனமாக இல்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற பதமான கையால் யாரோ உள்ளேயிருந்து சாத்துகிறார்கள். தள்ளித் திறந்திருக்கலாம். அவளுக்குப் பலம் இருந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தள்ளுவது? கை தானாக விட்டுவிட்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"யாரும் இல்லப்பா," என்றது அவளுடைய குரல், கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில். எத்தனையோ மாதங்களாக அவள் வாயிலிருந்து வராத கனிவோடு. "நீங்க தூங்குங்க."

"போயிட்டாங்களாம்மா?"

கதவுக்கு அடியில் கசிந்த வெளிச்சக் கோட்டில், இரண்டு கால்களின் நிழல் அவளைப் பார்த்தபடி அசையாமல் நின்றது.