அடுக்களைச் சுவரில் ஓர் இளநீர்

2008 மே. சின்னமனூர். காலை 6.10.

கருத்தக்கண்ணன் கட்டிலில் விறைத்துக் கிடந்தார். வயது எழுபத்திரண்டு, போன வாரம்தான் தேனியில் டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. தலைமாட்டில் காலி டம்ளர். அதை இளைய மருமகள் பவானி எடுத்தாள். நேற்று ஊற்றிக் கொடுத்தது அவள்தான்.

7.30. டாக்டர் டம்ளரை முகர்ந்தார். "இளநியா? கிட்னி போனவருக்கு இது விசமாச்சே! இருதயம் நின்னுபோகும்."

மூத்த மகன் செல்லப்பாண்டி உடனே போலீசுக்குப் போன் போட்டார். சென்னையில் பொருளாதாரப் பேராசிரியர். முதியோரால் தேசத்துக்கு ஏறும் மருத்துவச் செலவு அவருடைய ஆராய்ச்சி. கொட்டாவியைக்கூட அடிக்குறிப்போடு விடுகிறவர். நேற்று மாலை ஓர் இளநீர்க் குலையோடு காரில் வந்திறங்கியிருந்தார்.

8.45. இன்ஸ்பெக்டர் தேவயானி வந்தாள். செல்லப்பாண்டி பவானியைக் கைகாட்டினார்.

"இவதான் கொன்னுட்டா மேடம். வருமானம் குறைஞ்ச குடும்பத்துல முதியவரைச் சுமையா நினைக்கிறது உலகளாவிய போக்கு."

"உலகம் கிடக்கட்டும் சார். இந்த வீட்டுல வைத்தியச் செலவு யாரோடது?"

"அப்பாவோடதுதான்… அதுக்காகத் தோப்பை விக்கிறதா இருந்தாரு. திங்கக்கிழமை பத்திரம்."

பவானி பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். புருசன் மலைக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில். தன்னை ஜெயிலில் போட்டால் பிள்ளைகளுக்கு யார்?

தேவயானி அடுக்களைக்குள் போனாள். சுவரில் ஆஸ்பத்திரித் தாள், முழுக்க ஆங்கிலம். சாப்பிடக் கூடாதவை, பத்து வரி. பக்கத்தில் அடுப்புக்கரியால் வரிக்கொரு படம்: வாழைப்பழம், கீரை, ஊறுகாய்… ஒன்பதுக்குப் பெருக்கல் குறி. பத்தாவது இளநீர். அதற்கு மட்டும் டிக்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எழுத்தே தெரியாது மேடம். பெரிய மச்சான்தான் நேத்து வரிவரியா வாசிச்சாக. மறந்துருவேன்னு படம் போட்டேன். இளநி மட்டும் நெறையக் குடுக்கச் சொன்னாக."

"பொய்! இவ காதுல தப்பா விழுந்திருக்கு!" என்று கத்தினார் செல்லப்பாண்டி.

"ஒன்பது வரி சரியா விழுந்த காதுல பத்தாவது மட்டும் தவறிச்சா? சரி, அப்படியே இருக்கட்டும். தெரியாமத்தான் குலையை வாங்கிட்டு வந்தீங்க. தாளை வாசிச்சதும் அதைத் தூக்கி எறியலையே, ஏன்? தோப்பு மிஞ்சணும், அப்பா மிஞ்சக் கூடாது. ஊத்துறதுக்கு இவ கை. அதானே சார்?"

"தேசிய சராசரிப்படி…" என்று தொடங்கினார் பேராசிரியர். தேவயானி வாசலைக் காட்டினாள்.

9.20. செல்லப்பாண்டியை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பத் தயாரானது. பவானி தாளைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தாள். 

"மேடம், நீங்க ஒருக்கா வாசிங்க. மத்த ஒம்பதாச்சும் நெசந்தானா?"