நான்கு போத்தல் துருவப் பனி

துப்பறிவாளர் பேரின்பநாதனின் வில்லரே பகுதி அலுவலகத்துக்குள் நுழைந்த பார்கவி உட்காரக்கூட இல்லை.

"வெள்ளிக்கிழமை விசாரணை சார். பாதரசத்தை நானே கலந்துட்டேன்னு புரொபசர் சொல்றார். படிப்பே போயிடும்."

அவள் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. வடதுருவத்தில் குழி தோண்டி, மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு போத்தல்களில் பனி எடுத்து வந்திருந்தாள். மேல் எட்டு அடுக்குகளில் பாதரசம் மிகக் குறைவு. அடியிலிருந்த நான்கிலோ நாற்பது மடங்கு.

பேரின்பநாதனின் உதவியாளர் சாருஜா எல்லாரையும் சந்தேகிக்கப் பழகியவள். பனியை எப்படிச் சந்தேகிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பார்கவி வேலை செய்யும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையை அங்குள்ள உதவியாளர் றோசா திறந்துவிட்டாள். உருகிய பனி நிறைந்த எட்டுக் கண்ணாடிப் போத்தல்கள்; அடியடுக்குகளுக்கு நான்கு பிளாஸ்டிக்; பக்கத்தில் இன்னொரு பிளாஸ்டிக் போத்தல்.

"கண்ணாடி தீர்ந்துபோச்சு சார்," என்றாள் பார்கவி. "அந்த அஞ்சாவது பிளாஸ்டிக் போத்தல்ல இருக்கறது வெறும் சுத்தத் தண்ணி. ஒப்பிட்டுப் பார்க்க வெச்சது. இந்த அறையை விட்டு வெளியவே போகலை."

"அதையும் சோதியுங்கோ," என்றார் பேரின்பநாதன். பிறகு கதவில் தொங்கிய, றோசா தினமும் குறிக்கும் வெப்பநிலைத் தாளை நெடுநேரம் பார்த்தார். 4.2, 3.9, 4.1... மே ஒன்பதிலிருந்து வெறும் 4, 4, 4.

"புரொபசர்தான் செய்திருப்பார் அண்ணை," என்று கிசுகிசுத்தாள் சாருஜா.

"ஏன்?"

"தெரியேல்லை."

மறுநாள் முடிவு வந்தபோது அவள் இன்னும் குழம்பினாள். சுத்தத் தண்ணீரிலும் பாதரசம்! "துருவத்துக்கே போகாத தண்ணியிலை எப்பிடி அண்ணை?"

பேரின்பநாதன் மூவரையும் குளிர் அறை வாசலில் கூட்டினார்.

"பாதரச ஆவி கண்ணாடிக்குள்ளை போகாது, பிளாஸ்டிக்கை ஊடுருவும். அப்ப பாதரசம் பனியிலை இல்லை, இந்த அறையிலை. மே ஒன்பதுக்குப் பிறகு தசமம் எழுதப்படேல்லை. ஏனெண்டால் உள்ளுக்குத் தொங்குற சிவப்புத் தெர்மாமீற்றரிலை தசமக் கோடே இல்லை. பழைய பாதரசத் தெர்மாமீற்றர் எங்கை, றோசா?"

றோசா உள்ளே கீழ்த்தட்டைக் காட்டினாள். "கை தவறி உடைஞ்சுபோச்சு அண்ணை. வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கிற கிழமை. பயந்திட்டன்."

கீழ்த்தட்டின் பின்னால், ஒரு காகிதக் கோப்பைக்குள் வெள்ளி மணிகள் உருண்டன. பேரின்பநாதன் சட்டென்று கதவை அடைத்தார்.

"முதலிலை டொக்டரிட்டைப் போங்கோ. இவ்வளவு நாளும் இந்தக் காத்தைத்தானே சுவாசிச்சனீங்கள்!"

"ஓம். பேந்து நானே புரொபசரிட்டைச் சொல்லுறன்," என்று அழுதாள் றோசா.

விசாரணை கைவிடப்பட்டது. நடைபாதையில் நின்ற பார்கவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அந்த நாலு அடுக்குல நிஜமா எவ்வளவு இருந்துச்சுன்னு இனி யாருக்குமே தெரியாதுல்ல?"

சாருஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.