இரண்டு விரல் தூரம்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் "சங்கு"தான். நூல் ஆலையின் சங்கு காலை ஆறு மணிக்கு ஊதி ஊரையே எழுப்பும். விளையாட்டுத் திடலில் இவள் கத்த ஆரம்பித்தால் ஆலைச் சங்கு தோற்றுவிடும் என்று பக்கத்து வீட்டுத் தச்சர் சொல்வார். அவர் சொன்னதில் பாதிதான் கிண்டல்.

சங்குவுக்கு வயது பத்து. எந்த ஆட்டமும் அவளுக்கு விளையாட வராது. பந்து ஒரு பக்கம் வந்தால் இவள் கை இன்னொரு பக்கம் போகும். ஆனால் ஆட்டம் பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

குளிர் விட்டு, மரங்களெல்லாம் தளிர் விட்டிருந்த மாதம் அது. வழக்கமாக அந்த மாதத்தில் வாரத்துக்கு ஓர் ஆட்டம் நடக்கும். இந்த முறை மூன்று வாரம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. தள்ளிப்போன ஆட்டங்கள் எல்லாம் ஒரே சனி ஞாயிறில் வந்து குவிந்தன.

சங்கு ஒரு தாளில் எழுதி, அம்மாவின் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டினாள். சனி காலை கால்பந்து. சனி மாலை சைக்கிள் பந்தயம். ஞாயிறு காலை ஹாக்கி. ஞாயிறு மாலை அக்காவின் வாலிபால்.

அம்மா தைத்துக்கொண்டே அதைப் படித்தாள். "சாப்பிடுற நேரம் இதுல எங்கடி இருக்கு?"

"இடைவேளை விடுவாங்கல்லம்மா!"

கடைசி ஆட்டத்துக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள். காரணம் இருந்தது. அக்கா ஆடுவது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண்கள் அணியில். அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு ஆகிறது. அதற்குப் பிறகு ஆட அந்த ஊரில் வேறு பெண்கள் அணியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் தலைநகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்கு ரயிலில் போகலாம். தோற்றால் அக்காவுக்கு வாலிபால் அன்றோடு முடிந்தது. அக்கா நம்பிக்கையோடு புதன்கிழமையே பையில் துணிகளை அடுக்கி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஊர்க் கால்பந்து அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. ஒவ்வொரு கோலுக்கும் சங்கு, "பரவால்ல, பரவால்ல!" என்று கத்தினாள். நான்காவது கோலுக்கு, "பரவால்லன்னு சொல்றதை முதல்ல நிறுத்து!" என்று கோல்கீப்பரே அவளைப் பார்த்துக் கத்திவிட்டார்.

மாலையில் சைக்கிள் பந்தயம். வீடு வீடாக ரொட்டி கொண்டுவந்து போடும் அண்ணன்தான் அவளுடைய ஆள். அவர் சைக்கிளில் வரவில்லை. பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எல்லோரும் போய் அரை மணி நேரம் கழித்து நடந்து வந்தார். சங்கு அவருக்கும் விடாமல் கத்தினாள். அவர் பாவம், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை ஹாக்கியில் கடைசி நிமிடம் வரை ஊர் அணிதான் முன்னால் இருந்தது. கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டார்கள். ஆட்டம் முடிந்தபோது சங்கு வாயைத் திறந்தாள். பஞ்சரான டியூப்பிலிருந்து வருவதுபோல் காற்று மட்டும்தான் வந்தது. குரல் போயே போய்விட்டது.

மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி. ஆனாலும் அவள் மனம் தளரவில்லை. அக்கா ஜெயித்துவிட்டால் இந்த மூன்றையும் மறந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் வாலிபால் திடலுக்குப் போனால் அங்கே ஒரு சிக்கல். பந்து கோட்டுக்கு உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்று பார்க்க வேண்டிய இரண்டு பேரும் வரவில்லை. ஒரே நாளில் இத்தனை ஆட்டம் நடந்தால் ஆளுக்கு எங்கே போவது? நடுவர் கையில் இரண்டு சிவப்புக் கொடியை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அணிக்கு ஒருத்தரைக் குடுங்க. பொடிசா இருந்தாலும் பரவாயில்ல. கண்ணு நல்லாத் தெரிஞ்சா போதும்," என்றார்.

அக்கா அணியின் கேப்டனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே பயிற்சியாளரிடம் சொன்னாள். "சங்குவை அனுப்புங்க மாஸ்டர். அவளாலதான் இன்னிக்கு கத்த முடியாதே. சும்மாத்தானே நிப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தலைமுடியை இறுக்கிக் கட்டியபடி, "கொடியைப் பிடிச்சுட்டு எனக்குக் கைதட்டிடாதே, மானம் போயிடும்," என்றாள்.

நடுவர் சங்குவிடமும் எதிரணி கொடுத்த, கண்ணாடி போட்ட ஒரு பையனிடமும் கொடிகளைக் கொடுத்தார்.

"கோட்டு மேல விழுந்தாலும் உள்ளதான். உள்ள விழுந்தா கொடியைக் கீழ காட்டணும். வெளிய விழுந்தா மேல தூக்கணும். பந்து எங்க விழுந்துச்சுன்னு தெரியலைன்னா ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே வச்சுக்கணும். அந்தப் பந்தைத் திரும்ப ஆடச் சொல்லிடுவேன்."

"பக்கத்துலயே நின்னு பாத்தாக்கூடத் தெரியாமப் போகுமா சார்?" என்று சங்கு கிசுகிசுத்தாள்.

"பெரியவங்களுக்கே வேணுங்கிறப்போ தெரியாமப் போயிடும்," என்றார் நடுவர். அவர் சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. கொடியோடு மூலையில் நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று சங்குவுக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா ஓங்கி அடிக்கிறாள், பந்து மண்ணைக் கிழிக்கிறது, ஊரே குதிக்கிறது. இவள் மட்டும் மரம்போல நிற்க வேண்டும்.

மூன்றாவது செட்டில் அக்கா அடித்த பந்து ஒன்று அந்தக் கண்ணாடிப் பையனின் மூலையில் கோட்டை உரசிக்கொண்டு விழுந்தது. அவன் கொடியைக் கீழே காட்டினான். "டேய், நீ யார் பக்கம்டா?" என்று அவனுடைய ஆட்களே கத்தினார்கள். அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி கோட்டைப் பார்த்தான்.

ஆளுக்கு இரண்டு செட் ஆகி, ஐந்தாவது செட் வந்தது. அதில் பதினைந்து எடுப்பவர்களுக்கு வெற்றி. எதிரணி பதினான்கு. அக்கா அணி பதின்மூன்று.

நெட்டை பந்தை உயரத் தூக்கிக் கொடுத்தாள். அக்கா எகிறி அடித்தாள். பந்து நேராகச் சங்கு நின்ற மூலையை நோக்கி வந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி அதை எடுக்கப் பாய்ந்து விழுந்தாள். அவள் கைக்கு எட்டவில்லை.

பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. அதிகமில்லை, இரண்டு விரல் தூரம். கோட்டின் சுண்ணாம்பு துளிகூடச் சிதறவில்லை. சங்கு பார்த்தாள். அடுத்த நொடியே பாய்ந்த பெண் அதே இடத்தில் சறுக்கிக்கொண்டு போக, பந்து பட்ட தடமும் அழிந்தது, கோடும் அழிந்தது.

திடல் முழுவதும் சங்குவைப் பார்த்தது. வலைக்கு அந்தப் பக்கம் அக்காவும் பார்த்தாள். வேர்த்து வழிய, மூச்சு வாங்க, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

கொடி இல்லாத இடது கை தானாக நெஞ்சுக்கு வந்தது. வலது கையும் வந்துவிட்டால் போதும். பொய் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அக்காவுக்கு இன்னொரு பந்து கிடைக்கும். ரயில் கிடைக்கும்.

எதிர் மூலையில் கண்ணாடிப் பையன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கு இடது கையைக் கீழே இறக்கினாள். கொடியை மேலே தூக்கினாள்.

"நிச்சயமா?" என்றார் நடுவர்.

அவள் தலையாட்டினாள். நடுவர் விசில் ஊதினார். எதிரணி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூத்தாடியது. அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேருக்கேத்த மாதிரி நமக்கே சங்கு ஊதிட்டா!" என்றாள் நெட்டை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

எப்போதும் ஆட்டம் முடிந்தால் அக்காவின் பையைச் சங்குதான் தூக்கிக்கொண்டு வருவாள். அன்று அக்கா பையைத் தரவில்லை. பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். சங்குவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் குரல் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "தோத்துட்டோம்மா," என்று மட்டும் சொன்னாள். பிறகு அறைக்குள் போய், ரயிலுக்காக அடுக்கிய பையைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். சங்கு கதவோரம் நின்று அதையெல்லாம் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கால் நகரவில்லை.

சற்று நேரத்தில் நெட்டை வந்தாள். அணியின் சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். அடுத்த வருடம் ஆடப்போகும் பெண்களுக்காக அம்மா அவற்றைப் பிடித்துத் தைக்க வேண்டும்.

"உங்க சின்னப் பொண்ணு கையைக் குறுக்கே வச்சிருந்தா போதும் அத்தை. இந்நேரம் நாங்க ரயில் டிக்கெட்டுக்கு அலைஞ்சிட்டிருப்போம்," என்றாள் சத்தமாக.

அக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். "பந்து வெளியதான் விழுந்துச்சு."

"உனக்கெப்படித் தெரியும்? நீ வலைக்கு அந்தப் பக்கம் நின்னே."

"அடிச்சவ நான். கையை விட்டுக் கிளம்பறப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு அவளையே வெறிச்சுப் பாத்துட்டு நின்னே?"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"அவ கையைக் குறுக்கே வைக்கணும்னுதான்," என்றாள் மெதுவாக.

நெட்டை மூட்டையைத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினாள்.

சங்கு அக்காவின் அருகே போனாள். "அக்கா, எம்மேல கோவமா?" என்றாள் காற்றுக் குரலில்.

"ஆமா."

"எப்பப் போகும்?"

"தெரியல. இப்போதைக்குப் போகாது."

"நான் செஞ்சது தப்பாக்கா?"

அக்காவின் கண் கலங்கியது. "தப்பா இருந்தா உன்னை நல்லாத் திட்டிட்டு மறந்திருப்பேன். தப்பில்லையே. அதனாலதான் இன்னும் கோவம் கோவமா வருது."

சங்குவுக்கு அது புரிந்தது. கஷ்டமாகவும் இருந்தது. சமாதானமாக ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அம்மா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அக்கா வந்து உட்கார்ந்தாள். சங்கு கொஞ்சம் தயங்கி, அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போகவும் இல்லை. அன்றைக்குச் சங்குவுக்கு அது போதுமாக இருந்தது.