படிக்கட்டு இல்லாத பாலம்

தண்டவாளம் போடுவது அண்ணன் வேலை. மரம், வீடு, கம்பம், பாலம் எல்லாம் என் வேலை.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ரயில் விளையாட்டு இருக்கிறது. அதில் நாமே ஒரு புதுப் பாதையை உருவாக்கலாம். வரைபடத்தையும் வானத்திலிருந்து எடுத்த படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை எல்லாம் அப்படியே விளையாட்டுக்குள் வைக்க வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். நானூறு மரம் நட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்!

இத்தனையும் அம்மாவுக்காகச் செய்தோம்.

அம்மா பத்து வருடம் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். "எல்லாரையும் ரயில் ஏத்தி அனுப்புறேன், நான் எப்போ ஓட்டுறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒருநாள் நிஜமாகவே டிரைவர் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பரீட்சை. ஆய்வாளர் பக்கத்தில் நிற்க, அம்மா ரயிலை ஓட்ட வேண்டும். எங்கே வளைவு, எங்கே இறக்கம், எங்கே பிரேக் பிடிப்பது, எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கோட்டை விட்டால் மறுபடி கவுண்டர்தான். அடுத்த பரீட்சை ஒரு வருடம் கழித்துத்தான் வரும்.

அந்தப் பாதையில் பயிற்சியாளரோடு அம்மா மூன்றே முறைதான் போயிருந்தார். அதனால் அதே பாதையை நாங்கள் விளையாட்டுக்குள் உருவாக்க, தினமும் சாயங்காலம் அம்மா அதில் ஓட்டிப் பழகினார். பின்னால் ஸ்டூலில் அப்பா உட்கார்ந்துகொள்வார். அவர்தான் எங்கள் ஒரே பயணி.

மூன்றாவது ஸ்டேஷன்தான் அம்மாவைப் படுத்தி எடுத்தது. அங்கே இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் ஸ்டேஷன். அது கண்ணில் பட்ட பிறகு பிரேக் பிடித்தால், ரயில் நிற்காமல் தாண்டிப் போய்விடும்.

"ஐயோ, நான் இறங்கணுமே!" என்று கத்தினார் அப்பா.

"சும்மா இருங்க! மறுபடி முதல்லேர்ந்து ஓட்டுறேன்!"

செவ்வாய்க்கிழமை அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வளைவுக்கு முன்னால் தண்டவாளத்துக்கு மேலே நான் வைத்த ஒரு நடைபாலம் இருந்தது. அதற்கு அடியில் நுழைந்ததும் பிரேக் பிடித்தார். ரயில் கச்சிதமாக நடைமேடையில் வந்து நின்றது.

"பாலம் வந்தா பிரேக்! அவ்வளவுதான்!" என்று அம்மா துள்ளினார். ஆனால் அடுத்த நொடியே முகம் வாடிவிட்டது. "நிஜத்துல அந்தப் பாலத்தைப் பார்த்த ஞாபகமே இல்லையே. எங்கே பராக்குப் பார்த்துக்கிட்டு இருந்தேனோ!"

எனக்குப் பாவமாக இருந்தது. "பாலம் இருக்கும்மா, இதோ பாருங்க" என்று வானத்திலிருந்து எடுத்த படத்தில் நானே காட்டினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் வேலை ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பாலத்தில் ஆட்களை நடக்க விட வேண்டும். குடை பிடித்த ஒரு அக்கா படியேறுவது போல வைக்க ஆசை. படிக்கட்டு எந்தப் பக்கம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை.

"அண்ணா, படிக்கட்டே இல்லாம பாலம் இருக்குமா?"

"ஏணி வெச்சு ஏறுவாங்களா இருக்கும்." அவனுக்கு எப்போதும் கிண்டல்தான்.

மறுபடி உற்றுப் பார்த்தேன். கம்பங்களின் நிழல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. மரங்களின் நிழலும் அதே பக்கம்தான். என் பாலமும் அதே பக்கம் சாய்ந்திருந்தது! பாலத்தை அதன் முனை வரைக்கும் தொடர்ந்து போனேன். அங்கே, பூட்டிக் கிடக்கும் ஆலையின் ஓரத்தில், சின்னதாக ஒரு வட்டம். மேலிருந்து பார்த்தால் புகைபோக்கி ஒரு வட்டம்தானே!

அண்ணனை இழுத்து வந்து அதைக் காட்டினேன். நான் பாலம் கட்டியது புகைபோக்கியின் நிழலுக்கு.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாதே. விடிஞ்சா பரீட்சை. இப்போ போய்ச் சொன்னா அம்மாவுக்கு எல்லாம் குழம்பிடும்."

"சொல்லலைன்னா, பாலம் வரும் வரும்னு பார்த்துக்கிட்டே ஸ்டேஷனைத் தாண்டிடுவாங்களே!"

"அப்போ நீயே சொல்லு. பாலம் கட்டினது நீதானே!"

அம்மா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பாலம் இல்லையா?"

"இல்லைம்மா."

"நிஜமாவே இல்லையா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அடிப்பாவி!" என்று அம்மா சிரித்தார். ஆனால் அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "மூணு தடவை போயும் ஒரு பாலத்தைக் கவனிக்காதவ, எதுக்கு ரயில் ஓட்டணும்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லடி. இல்லாத பாலம் எப்படிடி கண்ணுல படும்?"

நான் மூக்கை உறிஞ்சினேன். "அப்போ புகைபோக்கியைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? இடது பக்கம் நெட்டையா நிக்குமே! உச்சியில ஒரு செடிகூட முளைச்சிருக்கும்."

எங்கள் படத்தில் அந்தச் செடி தெரியவே இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது!

பாலத்தை அழித்தேன். அந்த இடத்தில் இடது பக்கம் புகைபோக்கியை நிறுத்தினேன். அண்ணன் உச்சியில் செடியை வைத்தான். புகைபோக்கி வந்ததும் பிரேக் பிடித்து, அம்மா நான்கு முறை ஓட்டினார். நான்கு முறையும் அப்பா மூன்றாவது ஸ்டேஷனில் ஒழுங்காக இறங்கினார்.

மறுநாள் பள்ளியில் எனக்குப் பாடமே ஏறவில்லை. மணி அடித்ததும் ஓட்டமாக ஓடி வந்தேன். வாசலில் அம்மாவின் ஷூ கிடந்தது. உள்ளே அம்மா சீருடையைக்கூட மாற்றாமல் எனக்காகக் காத்திருந்தார்.

"நின்னுச்சாம்மா?"

"நின்னுச்சுடி! அச்சு அசலா நடைமேடையில நின்னுச்சு! 'ஸ்டேஷனே கண்ணுக்குத் தெரியாத இடத்துல எப்படி இவ்வளவு கச்சிதமா பிரேக் புடிச்சீங்க?'ன்னு ஆய்வாளரே கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் பொண்ணு அங்கே ஒரு பாலம் கட்டினா சார், நேத்து சாயங்காலம் அவளே இடிச்சுட்டா, அதனாலதான்னு சொன்னேன்."

ஆய்வாளர் ஒன்றும் புரியாமல் முழித்தாராம். முழிக்கட்டும், கையெழுத்துப் போட்டுவிட்டாரே!