பிரேக் போட்டது யார்

காலை 10.14.

மருந்துக்கடைக்கு எதிரே சாலையில் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் செத்துக் கிடந்தார். தெருவே அவரை விசில் என்றுதான் கூப்பிடும். குப்பை வண்டியைத் தள்ளும்போது பல்லிடுக்கில் ஒரே மெட்டை ஊதிக்கொண்டே போவார். அவருக்கு நாலடி தள்ளி, நடைபாதை விளிம்பில் முட்டிக்கொண்டு ஒரு குழந்தை வண்டி நின்றது. உள்ளே பத்து மாதப் பெண் குழந்தை வீறிட்டு அழுதது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இடது காலில் காலுறை மட்டும் இல்லை.

ரொட்டி வேன் ஓட்டுநர் தரையில் உட்கார்ந்திருந்தார். "வண்டி தானா உருண்டு வந்துச்சு. பெரியவர் துடைப்பத்தைப் போட்டுட்டுப் பாஞ்சாரு. வண்டியைத் தள்ளி விட்டாரு. நான் பிரேக் அடிச்சேன். அடிச்சும்..."

10.40-க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். லேத் பட்டறைக்காரர் மகள். இரும்பைப் பார்த்தால் முதலில் தட்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

வண்டி இரண்டாம் கையோ மூன்றாம் கையோ. கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பின்சக்கரங்களில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யாத மாடிக்கும், உடைந்த நடைபாதைக்கும், ஏற்றிக்கொள்ளாத பஸ்ஸுக்கும் ஈடுகொடுத்து உழைத்த வண்டி. பின்பக்கம் அச்சுக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்து ஒட்டிய ஒரு பத்து இருந்தது.

"பெடல் கீழ அழுத்தியிருக்கு மேடம்," என்றார் ஏட்டு. "பிரேக் போட்டபடியே இருக்கு. ஆனா சக்கரம் சுத்துது. பிரேக் புட்டுக்கிச்சு. என் பேத்தி வண்டியைத் தினம் நான்தான் தள்ளுறேன், எனக்கு இது அத்துப்படி."

"யாராவது தொட்டாங்களா?"

"குழந்தையைத் தூக்கினதோட சரி."

இன்ஸ்பெக்டர் நடைபாதையைப் பார்த்தார். கடைக்காரர்கள் காலையில் தெளித்த தண்ணீரில் புழுதி சேறாகப் படிந்திருந்தது. கடையின் தூணோரம் குழந்தையின் காலுறை கிடந்தது. தூணிலிருந்து இடதுபுறம் ஐந்தடி தூரத்துக்குச் சேற்றில் இரண்டு மெல்லிய கோடுகள் போயின. அங்கிருந்து சாலை வரைக்கும் நாலு கோடுகள். இரண்டு மெல்லியவை, இரண்டு அகலமானவை. அந்த இடத்திலிருந்துதான் நடைபாதை லேசாகச் சாலைப் பக்கம் சரிந்தது. பார்த்தால் தெரியாது. தண்ணீர் ஓடிய திசையைப் பார்த்தால் தெரியும்.

10.55. குழந்தையின் அம்மா கடைக்குள் பெஞ்சில் இருந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. சோடாவில் ஊறி விரல் நுனிகள் வெளுத்திருந்தன. குழந்தை மார்பில் கிடந்து விக்கிக்கொண்டிருந்தது.

"வண்டியை எங்க நிறுத்தினீங்க?"

"தூணை ஒட்டி. கடைக்கு ஏறுற சரிவுப் பாதைக்குக் குறுக்க. வேற இடமில்ல."

"உள்ளே கொண்டு வரலாமே?"

"கதவுல நுழையாது மேடம். நாலு விரக்கடை கொறையுது. ரெண்டு நாளா காய்ச்சல், அப்பத்தான் கண்ணசந்துச்சு. எழுப்பினா ஊரைக் கூட்டிடும்."

"உள்ளே எவ்வளவு நேரம்?"

"பவுடர் மருந்துல தண்ணி கலக்கணும்னாரு கடைக்காரர். பின்னால குழாய்க்குப் போனேன். கோடு வரைக்கும் ஊத்தி, குலுக்கி, நுரை அடங்க வெச்சு, திரும்ப ஊத்தினேன். நாலஞ்சு நிமிஷம். அப்புறம் சத்தம் கேட்டுச்சு."

"பிரேக்?"

"காலால தூக்கித்தான் விட்டேன். தினம் செய்யிறதுதானே." வெளுத்த விரல்கள் குழந்தையின் வெறுங்காலைப் பொத்திக்கொண்டன. "செஞ்சிருப்பேன். ரெண்டு ராத்திரி தூங்கல மேடம். செஞ்சேனான்னு இப்போ எனக்கே தெரியல."

வெளியே வந்ததும் ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "தூக்கி விட்டாளாம். தூக்கினா பிரேக்கை எடுத்த மாதிரி. அவ வாயாலயே சொல்லிட்டா, இன்னும் என்ன வேணும்?"

"தூக்கியிருந்தா பெடல் மேல இருக்கணும். ஏன் கீழ இருக்கு?"

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

11.10. மருந்துக்கடைக்காரர் நாற்பது வயதுக்காரர். மருந்துப் பெட்டிகளை அகரவரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். மேசைக் கண்ணாடிக்கடியில் ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பையன்களின் படம் இருந்தது.

"கவுன்டரை விட்டு நகரவே இல்ல மேடம். ஆனா ஒண்ணு சொல்றேன். அந்தம்மா மேல தப்பு இல்ல. பிரேக் போட்டுத்தான் இருந்துச்சு. பெடல் கீழ இருந்ததை நானே பார்த்தேன். மனசாட்சிப்படி சொல்றேன், எழுதிக்கோங்க."

"வண்டியைத் தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடப் போறேன்?"

ஏட்டு எழுதிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கவுன்டருக்குப் பின்னால் அவர் நிற்கும் இடத்தில் போய் ஒரு நிமிஷம் நின்றார். கடைத் தரை நடைபாதையை விட மூன்று படி உயரம். கண்ணாடிக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க விளம்பரத் தாள்.

11.20. தண்ணீர் கேன் போடுகிறவர் தோள்துண்டில் முகத்தைத் துடைத்தபடி வந்தார். தள்ளுவண்டியில் ஐந்து கேன்கள் இன்னும் இறக்காமல் இருந்தன.

"முனையிலேயே கத்திட்டேன் மேடம், 'அண்ணே, கேன்'னு. தினமும் கத்துவேன். வந்து பார்த்தா சரிவுப் பாதை காலியா இருந்துச்சு. நேரா ஏத்திட்டேன். ரெண்டு கேன் உள்ள வெச்சுட்டுத் திரும்புறேன், ரோட்டுல சத்தம்."

"குழந்தை வண்டி?"

"ஓரமா நின்னுச்சு. எனக்கு இடைஞ்சல் இல்ல. விசிலண்ணன்கிட்ட 'என்ன, இன்னிக்கும் அதே பாட்டா'ன்னேன். 'உன் மூஞ்சிக்கு இது போதும்'னாரு. அதுதான் கடைசி."

12.05. குழந்தையின் அப்பா பாய்லர் பட்டறையிலிருந்து வேலை உடுப்போடு வந்தார். பொறி பட்டுப் பட்டு முன்கைகள் முழுக்கப் புள்ளியாயிருந்தன. மனைவியைப் பார்த்தார், குழந்தையைத் தொட்டார், நேரே ஏட்டிடம் போனார்.

"எழுதிக்கோங்க சார். வண்டிக்குப் பத்து வெச்சது நான்தான். சக்கரத்தைக் கடிக்கிற பிரேக்கு நாக்கு உடைஞ்சு கெடந்துச்சு, மாத்திப் போட்டு வெல்டிங் வெச்சேன். என் பத்து விட்டுடுச்சு. அவ மேல ஒண்ணும் எழுதாதீங்க."

"நீ சும்மா இருய்யா," என்றாள் அவள் பெஞ்சிலிருந்து. "நான்தான் மறந்துட்டேன்."

"நீ மறக்க மாட்டே."

"உன் பத்து மட்டும் விடுமா?"

அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏட்டுக்கு ஒரு சாவுக்கு இரண்டு வாக்குமூலம் கிடைத்திருந்தது. "யாராவது ஒருத்தர் பேர்ல எழுதித்தான் ஆகணும் மேடம். அம்மான்னா பால் குடிக்கிற குழந்தை. அப்பான்னா அன்னிக்கே அடுப்பு அணையும்."

1.30. வண்டி ஸ்டேஷனுக்கு வந்தது. விசிலின் மனைவியும் வந்தாள். அவளும் அதே வேலைதான், பக்கத்துத் தெரு. கையுறைகளை இடுப்பில் செருகியிருந்தாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். வராந்தாவில் குழந்தையைக் கண்டதும் நின்றாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அவள் பிணவறைக்குப் போகும் வழியைக் கேட்டாள்.

2.15. இன்ஸ்பெக்டர் வண்டியோடு தனியாக உட்கார்ந்தார். வெல்டிங்கைச் சாவியால் தட்டினார். சத்தம் கணீரென்று வந்தது. நகத்தால் ஓரத்தைச் சுற்றி வருடிப் பார்த்தார், விரிசல் இல்லை. பெடலை ஒரு தரம் அழுத்தினார், ஒரு தரம் தூக்கினார். இரண்டு தரமும் சக்கரத்தைக் கையால் சுற்றினார். பிறகு வெளியே குரல் கொடுத்தார்.

"ஏட்டையா, குழந்தை எடைக்கு ஒரு மணல் மூட்டை கட்டிக் கொண்டாங்க. எல்லாரையும் நாலு மணிக்கு வரச் சொல்லுங்க."

4.00. ஸ்டேஷன் முற்றம் வாசல் கதவைப் பார்த்து லேசாகச் சரிந்திருக்கும். மணல் மூட்டை வண்டியில் உட்கார்ந்திருந்தது. பெடலை மேலே தூக்கி வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும் பெரிசா இல்ல. ஒவ்வொருத்தரா வண்டியை மரத்தடியிலேர்ந்து இந்த நடுவுக்குக் கொண்டு வந்து நிறுத்துங்க. அவ்வளவுதான்."

முதலில் அம்மா. செருப்பு நுனியால் பெடலை அழுத்தினாள், தள்ளிக்கொண்டு வந்தாள், நுனியால் கொக்கி மாதிரி தூக்கி விட்டாள். கீழே பார்க்கக்கூட இல்லை. வண்டி அசையாமல் நின்றது.

அடுத்து கேன்காரர். தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. மூட்டையோடு வண்டியை அப்படியே மார்போடு தூக்கி வந்து நடுவில் வைத்தார். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல மேடம். எங்க வீட்டுல மூணும் தோள்லயே வளந்துச்சுங்க." பெடல் பக்கம் அவர் போகவே இல்லை.

மூன்றாவது மருந்துக்கடைக்காரர். கைப்பிடியைப் பிடித்தார். நகரவில்லை. குனிந்து பெடலைப் பார்த்தார். மேலே இருந்தது. "பிரேக் போடல, ஆனாலும் சிக்கிக்கிச்சு," என்று முணுமுணுத்தார். கைப்பிடியை மேலே உயர்த்தினார். பின்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. முன்சக்கரம் இரண்டின் மேல் மட்டும் வண்டியை அலுங்காமல் உருட்டி வந்தார். தூங்குகிற பிள்ளையை நகர்த்துகிறவர் கைப்பக்குவம் அது. நடுவில் மெதுவாக இறக்கினார். மூட்டை மேல் வெயில் படாமல் மேல்மூடியைச் சரிசெய்தார். பிறகு வலது காலால் பெடலைக் கீழே அழுத்தினார்.

கிளிக்.

கையை எடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வண்டி ஒரு விரல் அளவு நகர்ந்தது. நின்றது. மூட்டை சற்றுச் சரிந்தது. அப்புறம் வண்டி சத்தமில்லாமல் கிளம்பி, முற்றத்தைக் கடந்து, இரும்புக் கதவில் போய் மோதியது.



"இந்த வண்டிக்கு மட்டும் எல்லாம் தலைகீழ்," என்றார் இன்ஸ்பெக்டர். "உடைஞ்ச நாக்கை மாத்திப் போட்டதுல பெடல் திரும்பிடுச்சு. தூக்கினா பிரேக். அழுத்தினா விட்டுடும். வீட்டுல ரெண்டு பேருக்கும் அது கால் பழக்கம். அதனாலதான் அந்தம்மா தூக்கி விட்டேன்னாங்க. அவங்க சரியாத்தான் செஞ்சாங்க. பெடலைக் கீழ அழுத்தினது இந்த வண்டியைத் தெரியாத ஒருத்தர். ஆனா குழந்தை வண்டி தள்ளித் தெரிஞ்ச ஒருத்தர்."

மருந்துக்கடைக்காரர் கதவோரம் கிடந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூண்லேர்ந்து அஞ்சடிக்கு முன்சக்கரத் தடம் மட்டும்தான். இப்ப கொண்டு வந்தீங்களே, அதே மாதிரி. கேன்காரர் முனையில கத்தினது உங்களுக்குத்தான். சரிவுப் பாதையை விட்டுக் கொடுக்க வண்டியை நகர்த்தினீங்க. அப்புறம், கவுன்டரை விட்டு நகராதவருக்கு அந்தக் கதவு வழியா பெடல் எப்படித் தெரிஞ்சுது? உங்க கால் அதை அழுத்தினதால தெரிஞ்சுது."

"உருளக் கூடாதுன்னுதான் அழுத்தினேன். ரெண்டு பசங்க வண்டியை நாலு வருஷம் தள்ளியிருக்கேன். பிரேக் போடாம விட்டுட்டுப் போயிருக்காங்களேன்னு நான்தான் போட்டேன். அப்புறம் சத்தம். ஓடி வந்து பார்த்தா அவர்... வெல்டிங் விட்டுடுச்சுன்னு நெனச்சேன் மேடம். என் மேல தப்பில்ல, நான் ஏன் நடுவுல மாட்டணும்னு நெனச்சேன். அந்தம்மாவைக் காப்பாத்தத்தான் பிரேக் இருந்துச்சுன்னு சொன்னேன்."

"நகர்த்தினதுக்கு உங்க மேல எனக்குக் கோபமில்ல. தொடலைன்னீங்களே, அது காலையிலேர்ந்து இவங்க ரெண்டு பேர் கழுத்துல கெடந்துச்சு."

அப்பா வண்டியிடம் போனார். குனிந்து தன் பத்தை விரலால் தடவினார். "அடுத்த வாரம் திருப்பி வெச்சுடலாம்னுதான் இருந்தேன்," என்றார். "மூணு மாசமா அடுத்த வாரம்."

அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

5.20. வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. புருஷனும் பெண்சாதியும் குழந்தையை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போனார்கள். பிணவறை இருக்கும் பக்கம்தான் போனார்கள், வீட்டுப் பக்கம் இல்லை.

வண்டி சாட்சிப் பொருள். ஏட்டு அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பொருள் அறையின் சுவரோரம் நிறுத்தினார். வலது கால் தானாக எழுந்து பெடலுக்கு மேலே போனது. அந்தரத்திலேயே நின்றது.

காலை இறக்கிவிட்டு, முட்டி வலிக்கக் குனிந்து, கையால் பெடலைத் தூக்கி விட்டார்.