எதிரே வழி விட்டவர்

அந்த நாற்சந்திக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் கழிந்திருந்தது. வானம் மூடிக்கொண்டிருந்தது, ஆனால் ஒரு துளி விழவில்லை. வண்டியைக் கொஞ்சம் தள்ளியே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். பயந்துகொண்டு போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பித்தலாட்டத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற உற்சாகத்தில் இருந்தேன்.

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அழுகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன், சாலையில் டயர் தேய்ந்த தடத்தைப் பார்ப்பேன். யாரையும் நம்பாத ஆள் என்று ஆபீசில் எனக்குப் பேர். அது முழு உண்மையில்லை. என் மனைவியை நம்புவேன். அவள் ஒன்று சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த நாற்சந்தியில் கொஞ்ச காலமாக அடுத்தடுத்து மோதல்கள். எல்லாம் ஒரே அச்சு. சின்னச் சாலையில் வந்து பெரிய சாலையில் திரும்புகிறவர்கள், வெள்ளைக் கோட்டில் நின்று வழி விட வேண்டும். நின்றும் இருக்கிறார்கள். நின்றவர்கள், வலப்பக்கம் என்ன வருகிறது என்று பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர்கள்போலக் கிளம்பியிருக்கிறார்கள்.

அடிபட்டவர்களில் பேக்கரி வேன் ஓட்டுகிறவரைக் கேட்டேன். "எதிர்ல நின்ன வண்டிக்காரர் கை காட்டினார் சார், நீங்க போங்கன்னு." கணக்கு டீச்சரைக் கேட்டேன். அதே பதில். தோளில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். அந்த ஆள் யார் என்று கேட்டால் மட்டும் மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

ஒருவர் சொன்னால் அது வாக்குமூலம். எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நசுங்கிய வண்டிகள் எல்லாம் போனது ஒரே பட்டறைக்கு. சொல்லிக்கொடுத்தது அங்கிருக்கும் டிங்கர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அன்று காலையிலேயே போய் அவனைப் பிடித்து உலுக்கினேன்.

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "சார், நான் தகரத்தைத்தான் நிமித்துவேன். ஆளுங்க பேச்சை நிமித்த எனக்குத் தெரியாது."

"அப்போ எல்லாரும் எப்படி ஒரே பாட்டைப் பாடறாங்க?"

"எனக்கென்ன சார் தெரியும்?" பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அங்க யாராவது உங்களுக்கு வழி விட்டா, உடனே போய்டாதீங்க. நீங்களே நாலு பக்கமும் பாருங்க."

திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாற்சந்தியின் வலப்பக்க மூலையில் ஒரு பழைய கிடங்கின் சுவர். அந்தச் சுவர் பெரிய சாலையைப் பாதிக்கு மறைத்தது. கோட்டில் நின்று, மூக்கை நுழைப்பதுபோல வண்டியை மெல்ல முன்னால் விட்டுப் பார்த்தால்தான் வருகிற வண்டி தெரியும். சரி, எதிர்ப்பக்கம் நின்று கை காட்டுகிறார்களாமே, அந்த இடத்தையும் பார்ப்போம் என்று சாலையைக் கடந்தேன்.

எதிர்ப்பக்கச் சாலை அடைக்கப்பட்டிருந்தது.

குறுக்கே பெரிய கான்கிரீட் கட்டைகள். அவற்றில் பாசி. விரிசல்களில் முழங்கால் உயரத்துக்குப் புல். அங்கே வண்டி வந்து நிற்க வழியே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். பொய் சொல்கிறவர்கள் இதைக்கூட வந்து பார்க்கவில்லையே என்று சிரித்துக்கொண்டே போனில் படம் எடுத்தேன்.

படம் எடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். கட்டைகளுக்கு முன்னால் புல் இரண்டு கோடுகளாகப் படுத்திருந்தது. சக்கரம் ஏறியதுபோல.

தரையைத் தொட்டேன். சூடாக இருந்தது. வெயிலே இல்லாத நாள் அது. வெகுநேரம் ஓடி வந்து நின்ற எஞ்சினின் எண்ணெய் வாடை அடித்தது.

டிங்கரின் ஏற்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. திரும்பக் கடந்துவந்து, கிடங்குச் சுவரோரம் ஒரு மின்கம்பத்தின் பக்கம் ஒதுங்கி நின்றேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும்.

அப்போது என் மனைவி வந்தாள்.

அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்பவள். லைசென்ஸ் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு இது குறுக்குவழி என்று எனக்குத் தெரியும். இதில் வருவாள் என்று தெரியாது. எங்கள் சிவப்புக் கார் கோட்டில் அழகாக வந்து நின்றது. என்ன ஒழுங்காக நிறுத்துகிறாள் என்று பெருமைப்பட்டேன்.

அவள் எதிரே பார்த்துச் சிரித்தாள்.

எதிரே கட்டைகளும் புல்லும்தான் இருந்தன.

நன்றி சொல்கிறவளைப்போல ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கினாள். கார் நகர்ந்தது.

வலப்பக்கம் ஒரு டேங்கர் லாரி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. இரண்டு கைகளையும் விரித்துக் கத்திக்கொண்டு அவள் காருக்கு முன்னால் போய் விழுந்தேன். பிரேக் கிறீச்சிட்டது. டேங்கர் ஹார்ன் அலற எங்களை உரசாத குறையாகக் கடந்துபோனது. அந்தக் காற்றில் கார் ஆடியது.

அவள் இறங்கினாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க... அதுக்குள்ள நீங்க இந்தப் பக்கம் எப்படி வந்தீங்க?"

"எந்தப் பக்கத்துலேருந்து? நீ யாரைப் பாத்துக் கையைத் தூக்கின?"

"உங்களைத்தான். எதிர்ல வண்டியில உக்காந்துக்கிட்டு நீ போ, நீ போன்னு கை காட்டினது நீங்கதானே? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் வலப்பக்கம் பாக்கவே இல்லையே!"

என் தொழில்புத்தி அப்போதும் விடவில்லை. "டிங்கர் உன்கிட்ட ஏதாவது பேசினானா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எந்த டிங்கர்?" என்று ஓரடி பின்வாங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இன்சூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவர்களை நான் பார்க்கிற பார்வை அது.

நான் எதிர்ப்பக்கத்தைக் காட்டினேன். அவள் கட்டைகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ என்னைப் போகச் சொன்னது யாரு?" என்று மெல்லக் கேட்டாள்.

என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அவள் காரை நான் ஓட்டினேன். சுற்றுவழியாகவே போவோம் என்று வேறு சாலையில் திருப்பினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைகள், நடமாட்டம், ஸ்கூல் விட்டுப் போகிற பிள்ளைகள் எல்லாம் வந்தபிறகுதான் எனக்கு மூச்சு சீரானது.

வீட்டுக்கு முன்னால் ஒரு சந்திப்பு வரும். வழி விடச் சொல்லும் முக்கோணப் பலகை இருக்கும். நின்றேன்.

எதிரே ஒரு கார் நின்றிருந்தது. அதிலிருந்தவர் பொறுமையாகக் கையசைத்து, போகச் சொன்னார். தெரிந்த முகம். என் மனசு அப்படியே லேசாகிவிட்டது. இந்த முகம் சொல்லிவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நன்றி சொல்லக் கையைத் தூக்கினேன்.

"ஏங்க..." அவள் என் பக்கம் திரும்பினாள். "யாருக்குக் கை தூக்கறீங்க?"

பிரேக்கை அழுத்தினேன். கார் குலுங்கி நின்றது. எங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு பஸ் சீறிக்கொண்டு போனது.

பஸ் கடந்ததும் எதிரே பார்த்தேன். பிறகு பக்கத்தில் பார்த்தேன். என் மனைவி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கைகளும் சீட் பெல்ட்டில்தான் இருந்தன.

பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. நான் நகரவில்லை.

எதிரே, அந்தக் காருக்குள், என் மனைவி சிரித்துக்கொண்டே இன்னும் கை காட்டிக்கொண்டிருந்தாள்.